எந்தப் பக்கத்து ஆள், மாதேஷ்?

என் கூடப்பிறந்த மாதேஷ்,

உனக்குக் கடைசியாக நான் அனுப்பியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. "மேட்ச் முடிஞ்சதும் கூப்பிடுடா, அம்மா பேசணும்ங்குது." இரண்டு டிக் விழுந்தது. நீலமாக மாறவே இல்லை. மூன்று வருடமாக அதற்குக் கீழே எதுவும் எழுதாமல் வைத்திருந்தேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது, அதுவும் நாலு பேர் படிக்கிற மாதிரி.

உனக்கு மட்டும் சொன்னால் நீ "பரவால்ல, விடுக்கா" என்பாய். அந்த வார்த்தை எனக்கு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் இப்படி.

நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். உன் பெயரை வைத்து நடந்த ஒரு காரியத்தில். அதைச் சொல்வதற்கு முன்னால், உனக்கு நடந்ததை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கு அது தெரியாது. உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது அது.

நம் ஊர் ஹனூரில் இருந்த மக்காச்சோளக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா உன்னை மைசூரில் நர்ஸிங் படிக்க வைத்தபோது, ஆம்பளப் பையன் நர்ஸா என்று சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே படித்தாய். காலையில் கல்லூரி, சாயங்காலம் மைதானம். உன் கூட்டாளி லோகேஷும் நீயும் ஒரே ஜோடி பூட்ஸை வைத்துக்கொண்டு, முதல் பாதி நீ, இரண்டாம் பாதி அவன் என்று ஆடினீர்கள். வியர்வையோடு இரண்டு பேரும் மண்டி மொஹல்லாவில் என் வீட்டுக்கு வந்து, நான் லேப் வேலையிலிருந்து திரும்புவதற்குள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காலி பண்ணியிருப்பீர்கள்.

அப்புறம் நீ இங்கிலாந்து போனாய். வடக்கே ஒரு சின்ன ஊர், முதியோர் இல்லத்தில் வேலை. போன புதிதில் குளிரைப் பற்றியே பேசினாய். பிறகு ஹெரால்டைப் பற்றி. எண்பது தாண்டியவர், நீ குளிப்பாட்டி உடை மாற்றிவிட்ட பெரியவர்.

"அக்கா, அவருக்குப் பெத்த மகன் பேரு மறந்துபோச்சு. ஆனா இருபது வயசுல பாத்த மேட்சுல யாரு கோல் போட்டாங்கன்னு கேளு, டக்குனு சொல்றாரு."

அந்த மகன் மார்ட்டின் ஒருநாள் உன்னிடம் அப்பாவின் மேட்ச் சீசன் டிக்கெட்டைக் கொடுத்தார். அப்பாவால் இனி வர முடியாது, அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை என்றாராம். மூன்றாம் நிலை லீகில் தட்டுத்தடுமாறி ஆடுகிற ஒரு சின்ன ஊர் கால்பந்து அணி. நீ அந்த அணிக்காரனாகிவிட்டாய். கழுத்தில் அணி நிறத்தில் பட்டைபோட்ட துண்டோடு எனக்குப் போட்டோ அனுப்பினாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட நேரம் பேசினோம், ஞாபகமிருக்கிறதா? அந்த ஊரைப் பற்றிச் சொன்னாய். "இங்க பெரிய கண்ணாடி ஃபேக்டரி இருந்துச்சாம் அக்கா. ஒரே ஷிப்டுல வேலை செஞ்சவங்க, மேட்சுலயும் ஒரே எடத்துல ஒண்ணா நின்னு பாப்பாங்களாம். ஃபேக்டரி எப்பவோ மூடியாச்சு. அந்த எடம் மட்டுந்தான் மிச்சம். சனிக்கிழமை அங்க போய் நின்னாத்தான் அவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியுது."

"அங்க அடிதடி நடக்குமாமே, மாதேஷ்?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப எங்க பாத்தாலும் கேமரா, போலீசு. ஒரு முப்பது நாப்பது பேரு இருக்காங்க, அவங்க தனி கேங். எங்க அடிச்சுக்கணும்னு ஃபோன்லயே பேசி வச்சுக்குவாங்க. நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. நானும் அவங்க ஆளுதானே."

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் கடைசிச் சனிக்கிழமை வரை எத்தனை வாரம் என்று நான் எண்ணியதில்லை. எண்ண வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

அன்று எதிரணி, அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிற பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் ஆகாது. ஏன் என்று பிற்பாடு மார்ட்டினிடம் கேட்டேன். தாத்தாக்கள் காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்ததாம். அந்த ஊர்க்காரர்கள் பாதியில் வேலைக்குத் திரும்பிவிட்டார்களாம். திரும்பியவர்களும் செத்துப்போனார்கள், திரும்பாதவர்களும் செத்துப்போனார்கள். இரண்டு ஊர் ஃபேக்டரியும் மூடிக் கிடக்கிறது. பேரன்கள் பாட்டில் வீசிக்கொள்கிறார்கள்.

மேட்ச் முடிந்து நீயும் மார்ட்டினும் ரயில் நிலையத்துப் பக்கமாக நடந்து வந்திருக்கிறீர்கள். ரயில் பாலத்துக்கு அடியில் இரண்டு கும்பலும் மோதிக்கொண்டன. மார்ட்டின் உன்னைச் சுவர் ஓரமாக இழுத்திருக்கிறார். அப்போது எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் உங்கள் முன்னால் விழுந்தான். கழுத்தில் பாட்டில் கண்ணாடி கிழித்து ரத்தம் பீறிட்டது. நீ மார்ட்டின் கையை உதறிவிட்டு ஓடினாய். மண்டியிட்டு, கழுத்திலிருந்த துண்டை உருவி அவன் கழுத்தில் வைத்து அழுத்தினாய். "நான் நர்ஸ், நான் நர்ஸ்" என்று கத்தினாயாம். பாலத்துக்கு அடியில் ஒரே கூச்சல். யாருக்குக் கேட்டிருக்கும்?

பின்னாலிருந்து ஒரு உதை. தலையில். ஒரே ஒரு உதைதான்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். உன்னை உதைத்தவன் உன் அணிக்காரன். டேரன் என்று பெயர். நீ உட்கார்ந்திருந்த அதே பக்கத்தில், உனக்கு ஐந்தாறு வரிசை தள்ளி உட்கார்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்ட்டின்தான் ஃபோன் பண்ணினார். எனக்கு அந்த இங்கிலீஷ் முதலில் புரியவில்லை. "சாரி, சாரி" என்பது மட்டும் புரிந்தது. பின்னால் அம்மா, "என்ன கண்ணு சொல்றான் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. பெங்களூரு விமான நிலையத்தில் பேப்பர்களில் கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கியவன் லோகேஷ். ஹனூரில் உன்னைத் தோளில் சுமந்தவன் அவன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மா அவனுக்கு உன் தட்டில்தான் போடுகிறாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது என்பதை உனக்கு இன்னும் சொல்லவில்லை, இல்லையா? வாரம் இரண்டு நாள். நான் லேபில் விடுப்பு எடுக்க முடியாத நாளில் எல்லாம் அவன்தான் கூட்டிப்போகிறான். வழியெல்லாம் உன் கதைகளைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்துக் கூட்டிவருகிறான்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

உன் வழக்கில் முதல் மாதம் ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம். கேமராவில் முதுகுகள் மட்டும். கடைசியில் மார்ட்டின் போய்ச் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவனைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவில் பெயிண்டால் என்னவோ எழுதினார்களாம். என்ன எழுதினார்கள் என்று சொல்ல மறுத்துவிட்டார். மைதானத்துக்கு அவர் இப்போது போவதில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஹெரால்டும் போய்விட்டார். அறுபது வருடம் அந்த ஊர் அணியோடு நின்ற மனுஷனின் அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தார்களாம்.

தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தை வீடியோவில் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். லேப்டாப் முன்னால் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். திரையில் டேரன் வந்து நின்றான். வெளுத்த சட்டை, ஒட்ட வெட்டிய முடி. அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இவனா? நல்ல மூஞ்சியா இருக்குதே கண்ணு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. எனக்கும் அப்படித்தான். ஒரு அரக்கனைப் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தோம்.

அதன்பிறகு எனக்கு ஒரே கேள்வி. ஏன்? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். லேபில் கூட வேலை செய்கிறவள் குடிதான் காரணம் என்றாள். என் வீட்டுக்காரர், உன் மச்சான், நம்ம நிறம்தான் காரணம் என்றார். நானும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஃபேக்டரி மூடியது, வேலை போனது, ஆண்பிள்ளைகள் வீட்டில் தலை நிமிர முடியாமல் போனது. மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களை மாடு அடைக்கிற மாதிரி கம்பிவேலிக்குள் அடைத்து வைத்த காலம் இருந்தது. மிருகங்கள் என்று பத்திரிகை எழுத, ஆமாம் மிருகங்கள்தான் என்று இவர்கள் அதையே பெருமையாகப் பாட ஆரம்பித்தார்களாம். படிக்கப் படிக்க எல்லாம் சரி என்றே பட்டது. ஆனால் எந்தப் பக்கத்திலும் உன் தலை வரவில்லை.

அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டால், செய்தவனும் ஒப்புக்கொண்டால், நடுவில் ஒருவரை வைத்துப் பேச வைக்கிறார்கள். நான் கேட்டேன். ஒரு வருடம் கழித்து ஒப்புக்கொண்டான். சிறையில் ஒரு அறையில் அவனும், பேச்சை நடத்துகிற அம்மாள் ஒருவரும். வீடியோ திரையில் இன்னொரு சதுரத்தில் மொழிபெயர்ப்பாளர், இலங்கைத் தமிழ் பேசுகிறவர். மைசூரில் நான் மட்டும். அம்மாவை உன் மச்சானோடு கோயிலுக்கு அனுப்பியிருந்தேன்.

உனக்கு வேலை இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம். எலக்ட்ரீசியன். சொந்த வேன், வீடு, இரண்டு பெண் குழந்தைகள். நான் படித்து வைத்திருந்த பாதி அங்கேயே சரிந்தது.

அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார். அவனுடைய அப்பா ஃபேக்டரி மூடிய பிறகு வேலைக்கே போகவில்லை. வீட்டில் வாய் திறக்கமாட்டார். சனிக்கிழமை மட்டும் இவனைத் தோளில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே மட்டும் அப்பா பாடுவார், கத்துவார், தெரியாதவர்களைக் கட்டிப்பிடிப்பார். ஒன்பது வயதில், அப்பா இன்னொரு ஆளின் மூக்கை உடைத்ததைப் பார்த்தானாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சந்தோஷமாக இருந்தாராம். மைதானத்துக்கு வெளியே அப்பா சந்தோஷமாக இருந்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"திங்கக்கிழமை முதல் வெள்ளி வரை நான் ஃப்யூஸ் மாத்த வர்ற ஆளு. வீட்டுக்காரங்க என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டாங்க. சனிக்கிழமை நான் வர்றேன்னு தெரிஞ்சா பக்கத்து ஊரே பயப்படும்." இப்படிச் சொன்னான்.

என் தம்பியை ஏன் உதைத்தாய் என்று மறுபடியும் கேட்டேன்.

"அவரை நான் பாக்கல. அவங்க ஆள் ஒருத்தனுக்கு ஒத்தாசை பண்ற ஒரு கையைத்தான் பாத்தேன்."

"நிறத்தைப் பார்த்தாயா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தார். அவன் சொன்னான்: "இல்லைன்னு சொல்லத்தான் ஆசை. எனக்குத் தெரியல."

அந்த ஒரு பதிலுக்காக அவனை நான் வெறுக்க முடியாமல் போனது, மாதேஷ். வெறுப்பாவது மிஞ்சட்டும் என்று போனேன். அதையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான். அழைப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காரணங்கள் எல்லாம் கையில் இருந்தன. அவன் அப்பா, ஃபேக்டரி, ஊர், வேலைநிறுத்தம், எல்லாம். அத்தனையும் சேர்த்தாலும் அவன் கால் ஏன் உயர்ந்தது என்பதற்குப் போதவில்லை. ஆனால் அவை இல்லாமல் அந்தக் கால் உயர்ந்திருக்காது என்பதும் எனக்குத் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி என் பொய்.

லோகேஷ் உன் பெயரில் ஒரு கோப்பைப் போட்டி நடத்த ஆரம்பித்தான். வருடத்துக்கு ஒருமுறை, அணிக்கு ஏழு பேர். அவன் இப்போது சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான். மண்டி மொஹல்லா சந்துகளில் அவன் வண்டி நுழையாத சந்து இல்லை. அவனைப் போல டெலிவரி பண்ணுகிற பையன்கள் சேர்ந்து ஒரு அணி. பெரிய கொடி ஒன்று அடித்தார்கள். உன் முகம், கழுத்தில் அந்தத் துண்டோடு. அம்மா அழுதுகொண்டே கொடியைத் தொட்டுக் கும்பிட்டாள். உன் முகத்தைக் கொடியாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வருடம் இறுதிப் போட்டியில் லோகேஷ் அணிக்கு எதிராகப் பக்கத்து ஊர் நஞ்சன்கூடு மருந்து ஃபேக்டரிப் பையன்கள் வந்தார்கள். எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் சமன். பெனால்டியில் நஞ்சன்கூடு ஜெயித்தது. அவர்கள் கோல்கீப்பர் நவீன் இரண்டு பந்தைத் தடுத்தான்.

லோகேஷ் பக்கத்தில் வசவு கிளம்பியது. பதிலுக்கு அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "எல்லிந்த பந்த்ரோ நீவு?" எங்கிருந்துடா வந்தீர்கள் என்று. ஹனூரிலிருந்து வந்த தமிழ்ப் பையன்களைப் பார்த்து. பிறந்ததிலிருந்து இந்த மாநிலத்தைத் தவிர வேறு ஊர் பார்க்காத பையன்கள், தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுகிற பையன்கள். அப்புறம் கொடியைக் காட்டி, வெள்ளைக்காரனிடம் உதை வாங்கிச் செத்தவன்தானே என்றான் அவன்.

இதையெல்லாம் சொன்னது நவீன் இல்லை. நவீன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பந்தலிலிருந்து இருபது அடி. லோகேஷ் கொடியோடு ஓடினான். மூங்கில் கம்பைத் திருப்பிப் பிடித்து ஒரே வீச்சு. உன் முகம் அந்தக் கம்பில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, மாதேஷ்.

நவீனுக்கு இடது கண் போய்விட்டது.

மறுநாள் போலீஸ் வீட்டுக்கு வந்தார்கள். லோகேஷ் பக்கத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்றிருக்கிறார்கள்; நஞ்சன்கூடு பையன்களுக்கு அந்தத் தள்ளுமுள்ளில் கொடிதான் தெரிந்ததாம், பிடித்த ஆள் தெரியவில்லையாம். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீவு எதுருகடே கூத்திதிரல்லா மேடம், நோடித்ரா?" எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்களே, பார்த்தீர்களா என்று.

உள்ளே அம்மா நின்றிருந்தாள். சுவரில் உன் படம்.

"காணிஸ்லில்ல சார்," என்றேன். கண்ணில் படவில்லை என்று. என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அந்த நாற்பது பேரை மூன்று வருடம் சபித்தவள் நான். நாற்பத்தொன்றாவது ஆளாகப் போய் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் லோகேஷ் வந்தான். சாப்பிடவில்லை. மாடியில் துணி காயப்போடும் இடத்தில் அவனோடு நின்றேன்.

"ஏன்டா?"

"அவங்கதான் அக்கா ஸ்டார்ட் பண்ணாங்க. நாங்க சும்னே இருந்தோம்."

"யார்ரா ஸ்டார்ட் பண்ணது? நவீனா?"

"மாதேஷைப் பத்திப் பேசினாங்கக்கா. என்னால தாங்க முடியல."

"பேசினது நவீனாடா?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க ஆளுதானே அக்கா."

அதே வார்த்தையைச் சிறையிலிருந்து ஒருவன் சொல்லிக் கேட்டவள் நான். இவனுக்கு அந்த ஊர் தெரியாது, அந்த ஃபேக்டரி தெரியாது. எங்கிருந்து கற்றான்?

அப்புறம் அவனே பேசினான். "நாள் பூரா ஆர்டர் நம்பரைச் சொல்லித்தான் கூப்புடுறாங்க. ஜனங்க போற லிஃப்டுல ஏறாதேங்கிறாங்க. மழையில நனைஞ்சு போனா, கையை நீட்டி வாங்கிட்டு மூஞ்சிமேல கதவைச் சாத்துறாங்க. அந்த கிரவுண்டுல மட்டுந்தான் அக்கா நான் லோகேஷு. அங்கயும் வந்து எந்த ஊருடான்னு கேட்டா நான் எங்க போறது?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

போன வாரம் ரயிலேறி நஞ்சன்கூடு போனேன். ஒற்றை அறை வீடு. நவீன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மருந்துப் பாட்டில்களில் லேபிள் கோணலில்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அது முடியாது, கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. பார்க்க எவ்வளவோ உன்னை மாதிரி இருந்தான். அப்படி நினைக்க எனக்கு உரிமை இல்லை.

அவன் அம்மா காப்பி கொடுத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கன்னடத்தில் சொன்னாள்: "தம்பியை வாரிக்கொடுத்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா? யார்னு மட்டும் சொல்லுங்கம்மா. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். தெரிஞ்சாப் போதும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். நவீன் திரும்பிப் பார்க்காமலே பேசினான். "அவங்களுக்குத் தெரியும்மா. நான் விழறப்போ அவங்க முகத்தைத்தான் பார்த்தேன்."

திரும்பி வரும் ரயில் முழுக்க அந்த வாக்கியம்தான். விழும்போது நீ யார் முகத்தைப் பார்த்தாய், மாதேஷ்? மண்ணைத்தானே பார்த்திருப்பாய். இவன் என் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

மார்ட்டினுக்கு ஃபோன் பண்ணினேன். சாட்சி சொன்னதில் எப்போதாவது வருத்தப்பட்டீர்களா என்று கேட்டேன். "தினமும்," என்றார். அப்புறம், "சொல்லாமல் இருந்திருந்தாலும் தினமும்தான்," என்றார். அதனால் ஏதாவது மாறியதா என்று கேட்டேன். ஒன்றும் மாறவில்லையாம். அதே பாலத்துக்கு அடியில் போன மாதமும் அடித்துக்கொண்டார்களாம். டேரன் உட்கார்ந்த இடத்தில் இப்போது இன்னொருவன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன் என்று.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"என்ற பையன் ஒருத்தன் போயிட்டான். இவனையும் நீயே புடிச்சுக் குடுத்துருவியா சாமி? அப்புறம் எனக்கு ஆரு இருக்கறாங்க?"

"அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்குதும்மா."

"இருக்கட்டும். எனக்கு என்ன தெரியும் அவளை?"

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேசிய பேச்சு இது. அவளைக் குறை சொல்லமாட்டேன். துக்கம் மனுஷரை நல்லவராக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், மாதேஷ். ஆக்கவில்லை. என்னையும் ஆக்கவில்லை. நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று இன்னும் இறுக்கமாகத்தான் பிரித்துக் கட்டிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. இன்று காலையில் லோகேஷ் வந்தான். அவனை உட்காரவைத்து நானே சொன்னேன். ஓடமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் எழுந்து போய் அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தான். "இன்னைக்கு டயாலிசிஸ் இருக்குல்ல அக்கா, கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன்," என்றான். இரண்டு பேரும் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்கூட்டர் பின்னால் அம்மா அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

இதனால் நவீனுக்குக் கண் வராது. லோகேஷ் சிறைக்குப் போய் நல்லவனாகத் திரும்புவான் என்றும் நான் நம்பவில்லை. வேறு யாரோ வேறு கொடி பிடிப்பார்கள், வேறு யாரையோ அவங்க ஆள் என்பார்கள். நம் தெருவில் என்னோடு யார் பேசுவார்கள், அம்மாவை யார் கூட்டிப்போவார்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. எதிரில் ஒரு வெளிச்சமும் தெரியாமல்தான் போகிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருப்பேன். நான் பார்த்தேன் என்பேன், பெயரையும் சொல்வேன். அவனை எப்படி அழைக்கிறார்கள், அவன் மூஞ்சிமேல் எப்படிக் கதவைச் சாத்துகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன், எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும். அழாமல் சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. சொல்வேன் என்று கொடுக்கிறேன்.

உனக்கும் லோகேஷுக்கும் அக்கா,
ரத்னா